திசைகாட்டிக்காரர் வாசலுக்கு வந்த காலம்

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தபால் அதிபர்:

2024 செப்டம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்பு. திசைகாட்டிச் சின்னத்தில் கேட்ட தேசிய மக்கள் சக்தியின் ஆட்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது அதற்குப் பல மாதங்கள் முன்னம், தேர்தல் திகதியே அறிவிக்காத காலத்தில். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 வீதம். அடுத்த வருடம் நாடாளுமன்றத்தில் 3 ஆசனம். அப்படிப்பட்ட கட்சி ஜனாதிபதிக் கதிரைக்கு எப்படித் தயாரானது என்று ஆய்வாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். இங்கே உங்கள் வாசலில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

என் வீட்டுக்கு வந்தது இரண்டு தமிழ்ப் பொடியள், அவர்களோடு அநுராதபுரத்திலிருந்து ஒரு சிங்கள ஆசிரியை. அவருக்குத் தமிழ் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. தேசிய மக்கள் சக்தியின் தாய்க்கட்சி ஜேவிபி. விறாந்தையில் இருத்திவிட்டு அதைப் பற்றித்தான் நேரே கேட்டேன்: "பிள்ளை, சுனாமி நிவாரணத்துக்குப் புலிகளோடு சேர்ந்த பொதுக்கட்டமைப்பு வேண்டாமென்று 2005இல் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது ஜேவிபிதானே? அடுத்த வருடம் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் பேசியதும் அவர்கள்தானே?"

பொடியள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. "அது நடந்ததுதான் ஐயா. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை" என்றார். பிறகு பேச்சு ஊழல் பக்கம் போனது. கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேத்தண்ணி குடித்தோம்.

அன்றைக்கு அவர்கள் வாக்குக் கேட்கவேயில்லை. அயலட்டையில் ஒரு பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தந்தால் இருந்து கதைக்கலாம் என்றார்கள். மேடை கட்டி, ஒலிபெருக்கி பூட்டி, கையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு இது புதிது.

கொட்டகலை, ஆசிரியை:

எங்கள் மலையகப் பக்கம் கதை வேறு. தோட்டத்தில் தேர்தல் என்றால் சங்கம் சொல்லும் சின்னம்தான். தலைவர் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்து சொல்லிவிட்டுப் போவார், முடிந்தது. அந்த முறை சேவல் சின்னக்காரரான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அப்போதைய ஜனாதிபதி ரணில் பக்கம், தமிழ் முற்போக்குக் கூட்டணி எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பக்கம். திசைகாட்டிக்காக லயத்தில் வந்து சொல்லப் பெரிய சங்கம் எதுவும் இல்லை.

அதற்காகத் திசைகாட்டிக்காரர் சும்மா இருக்கவில்லை. கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை அங்கேயே பிடித்துவிட்டார்கள். சித்திரை வருசத்துக்கு வீட்டுக்கு வந்தபோது பேச்சை எடுத்ததே அவர்கள்தான். "தாத்தா காலத்திலிருந்து சேவல்காரர் சொன்ன இடத்தில போட்டோம். லயம் மாறிச்சா?" என்று என் தம்பி மகன் அவன் அப்பாவிடமே கேட்டான். அன்று இரவு வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஆவணி மாதத்தில் கட்சி ஆட்களே வந்தார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் தண்ணீர்ப் பீலியடிக்கு வருகிற நேரமாகப் பார்த்து வந்தார்கள். இதை யாரோ நன்றாக யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் பகலில் லயத்தில் இருப்பது கிழவர்களும் குழந்தைகளும்தான். பெரியம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஆயிரத்து எழுநூறு ரூவா சம்பளம் வருமா? காணி வருமா? அத மட்டும் சொல்லுங்க." வந்த பெண் தோழர் தொகை எதுவும் சொல்லாமல், காணியையும் வீட்டு உரிமையையும் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எனக்கோ, பொய் சொல்லாமல் போனதே பெரிசாகத் தெரிந்தது.

ரணிலுக்குக் கிடைத்த சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022இல் அதற்காக வரிசையில் நின்ற சனத்துக்கு அதைவிடப் பகிடி வேண்டுமா?

நுவரெலியா மாவட்டத்தில் சஜித்தான் முதலாவது, திசைகாட்டி மூன்றாவது. இருந்தாலும் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அதில் சிங்களக் கிராமங்களும் சேர்த்தி என்பது சரி.

ஸ்காபரோ, கனடா:

2024 மார்ச்சில் அநுர டொரோண்டோவுக்கு வந்தபோது போனேன். என்னைச் சுற்றி இருந்ததெல்லாம் சிங்கள முகங்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை, பிறகு ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: ஊருக்கு வாராவாரம் ஃபோன் எடுக்கிறவர்கள் நாங்கள்தானே!

வெள்ளவத்தை:

கொழும்பில் நான் பார்த்தது வேலைப் பிரிப்பு. பெண்களுக்குத் தனி மாநாடு, சட்டத்தரணிகளுக்குத் தனி, கலைஞர்களுக்குத் தனி. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள் அல்லவா? அதற்கென்று திரட்டிய ஆட்களைக் கட்சி கலைத்துவிடவில்லை. அதே ஆட்கள்தான் பிறகு ஜனாதிபதித் தேர்தலுக்கும் வீடு வீடாக நடந்தார்கள்.

ஆனால் ஓய்வுபெற்ற முப்படையினரின் கூட்டுக்கு மாவட்டந்தோறும் கூட்டம் வைத்தார்களே, அங்கேதான் எனக்கு இடித்தது. சிங்கள நண்பர் அந்தப் படங்களை அலுவலகத்தில் பெருமையாகக் காட்டினார். நான் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். தெற்கில் தேசப்பற்றுச் சந்தேகத்தைத் தீர்க்க அது தேவைப்பட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அதே படத்தை வேறு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

சாவகச்சேரி:

பார்த்தார்கள்தான். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அநுரவுக்கு 27,086 வாக்குகள், ஏழு வீதம் சொச்சம். ஆனால் நவம்பர் 14 பொதுத் தேர்தலில் இதே மாவட்டம் 6 ஆசனங்களில் 3ஐ அவர்களுக்குக் கொடுத்தது. அநுர ஜனாதிபதியாக வென்ற பிறகு வருகிற வாக்கு வேறு வகை. எங்கள் கட்சிகளின் சண்டையில் வெறுத்துப்போன சனமும் அதில் உண்டு.

மட்டக்களப்பு:

எங்களிடம் சங்குச் சின்னமும் இருந்தது. அதில் கேட்ட தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் எங்கள் மாவட்டத்து முன்னாள் எம்.பி. தமிழரசுக் கட்சியோ சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்துவிட்டது. ஒரே வீட்டில் மூன்று சின்னம் ஓடிய காலம் அது.

போட்டியில் 38 பேர். வயது போனவர்களுக்குத் தெரிந்தது புள்ளடி ஒன்றுதான். 1, 2, 3 என்று விருப்பு எழுதலாம் என்பது பலருக்குப் புதிய சங்கதி. வந்த திசைகாட்டிப் பொடியன் மாமாவிடம் 1ஐத்தான் கேட்டான். "அது சங்குக்கு, மாறாது" என்றார் மாமா. சரி என்று எழும்பிப் போவான் என்று பார்த்தால், "அப்ப 2 யாருக்கு மாமா?" என்று கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு இருந்துவிட்டான். அரை மணி நேரக் கதை. வேறெந்தச் சின்னக்காரரும் எங்கள் வாசலில் 2ஐக் கேட்கவில்லை.

பிறகு தெரியும்தானே. அநுர 42.31 வீதம், சஜித் 32.76 வீதம், யாருமே பாதியைத் தாண்டவில்லை. இலங்கையில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ண வேண்டி வந்தது. தன் ஒரு சீட்டு இரண்டு பேருக்கு வேலை செய்தது என்று மாமா இன்றைக்கும் கோயிலடியில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.