அழைத்தால் மட்டும் நிதி: குடும்ப அறக்கட்டளையின் கதவு யாருக்குத் திறக்கும்?

மாசி வீதி கணக்கர்:
மதுரையில் பல ஆண்டுகளாக வணிகம் செய்துவரும் ஒரு குடும்பத்தார் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்ய முன்வந்திருக்கிறார்கள். மதுரையிலும் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும் இயங்கும் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தருவது அவர்கள் நோக்கம். விவாதத்துக்கு உரியது ஒரே ஒரு நிபந்தனைதான்: விண்ணப்பம் எதையும் வாங்குவதில்லை, தாங்களே நேரில் சென்று பார்த்து, மனத்துக்குப் பட்ட அமைப்பை அழைத்து, மூன்றாண்டுகளுக்கு நிதி தருவார்கள். பத்திர வரைவு என் மேசையில் இருக்கிறது.

எனக்கு இந்த முறை சரியென்றே படுகிறது. அறிவிப்பு வெளியிட்டால் விண்ணப்பங்கள் குவியும். அவற்றைப் படிக்க ஆள் வைத்தால், அந்தச் சம்பளமும் அறக்கட்டளையின் வருமானத்திலிருந்துதான் போக வேண்டும். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தாக்கல் செய்யும் 990-பி.எஃப். என்ற படிவத்திலேயே, முன்கூட்டித் தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும் தருகிறோம், தாமாக வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று குறிப்பதற்கு ஒரு கட்டம் உண்டு. இது ஒளிவுமறைவான ஏற்பாடு அல்ல, சட்டம் அறிந்த நடைமுறை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

உசிலம்பட்டி ஆசிரியை:
நான் மறுக்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளி ஒன்றை இங்கே நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நடத்துகிறோம். தேடிப் பார்த்து அழைப்பார்கள் என்கிறீர்கள், எங்கே தேடுவார்கள்? ரோட்டரி சங்கத்தில் கேட்பார்கள், சம்பந்தி வீட்டில் கேட்பார்கள், தங்கள் ஆடிட்டரிடம் கேட்பார்கள் (கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கர் ஐயா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). அந்த வட்டத்துக்குள் இருப்பவை கே.கே. நகரில் அலுவலகமும் ஆங்கிலத்தில் ஆண்டறிக்கையும் உள்ள அமைப்புகளே. விண்ணப்பம் என்று ஒன்று இருந்தால், தள்ளுபடி செய்வதற்காகவாவது எங்கள் பெயரை ஒருவர் படித்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணத்தைப் பெறும் நிறுவனம் அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது என்றாகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் வழியாகச் சிறிய அமைப்புகளுக்குக் கசிந்துவந்த பணம் அதோடு நின்றது. உள்ளூர்க் குடும்பங்களின் பணத்தை நம்பித்தான் இப்போது பலர் இருக்கிறார்கள். அங்கேயும் அழைப்பு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் எங்கே போவது?

பழங்காநத்தம் முன்னாள் அலுவலர்:
ஆசிரியை அம்மாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் விண்ணப்ப முறையின் மீது அவர் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. நிதி வழங்கும் அமைப்பு ஒன்றில் வந்து குவியும் விண்ணப்பங்களைப் படிப்பதே சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், எதிர்பார்க்கும் விளைவுகளின் அட்டவணை, எல்லாம் ஆங்கிலத்தில். வேலையைச் செய்கிறவருக்கு அதை எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவரைச் சென்னையில் பிடித்துக் கூலி கொடுத்து எழுதவைப்பார்கள். நாங்கள் மதிப்பெண் போட்டது பெரும்பாலும் அந்தக் கூலிக்காரரின் எழுத்துக்குத்தான்.

அதைவிடப் பெரிய கேடு, விண்ணப்பத்தில் எது செல்லும் என்று பார்த்தே எல்லாரும் கேட்பது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கான கருவிகளுக்கு நாங்கள் நிதி கொடுத்த ஒரு மையத்துக்கு அடுத்த ஆண்டு சென்றபோது, இணைகம்பியும் பயிற்சி மிதிவண்டியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரோரம் நின்றன. கருவிக்குத்தான் நிதி உண்டு, சிகிச்சையாளரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேரும் என்று எங்கள் படிவமே சொன்னது; அதனால் அவர்கள் சம்பளத்தைக் கேட்கவே இல்லை. நேரில் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கப்பட்டது. மருத்துவர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, உடன்பிறந்தவர்களை நம்பித் தொடங்கியது அது. அன்றைக்கு அவர் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பித்திருந்தால், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை எங்கே என்றுதான் எங்களைப் போன்றவர்கள் கேட்டிருப்போம்.

விருதுநகர் வாசகன்:
ஆளைப் பார்த்துக் கொடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. விருதுநகரில் நாடார் வணிகர்கள் சரக்கின்மேல் மகமை என்ற பொதுநிதிப் பங்கைப் பிடித்துப் பொதுக்காரியங்களை நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா, 1889-இல் தொடங்கியது, அப்படி வளர்ந்த பள்ளிதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்த வழக்கமும் அங்கே உண்டு. அந்த ஏற்பாட்டில் யாரும் விண்ணப்பம் எழுதவில்லை. ஆனால் பணம் ஒரு வீட்டாருடையதும் இல்லை. மகமை கட்டியவன் எவனும் உறவின்முறை என்ற சமூகச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, என் காசு எங்கே போனது என்று கேட்கலாம். குடும்ப அறக்கட்டளையில் கேட்பதற்கு அந்த வீட்டாரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இங்கே யாரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவின்முறையின் பலமே அதன் எல்லையாகவும் இருந்தது. அது ஒரு சாதிக்குள் பிறந்த அமைப்பு. மதுரைப் பக்கத்தில் தெரிந்தவர்க்குத் தெரிந்தவர் என்று தேடிக்கொண்டே போனால், நான்கைந்து பேரைத் தாண்டுவதற்குள் தேடல் பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள்ளேயே திரும்பிவிடும். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற வரிசையில் வீடுகள் நினைவுக்கு வந்தாலே போதும். காலனித் தெருவில் மாலை வகுப்பு நடத்துகிற பையனுடைய பெயர் அந்த வரிசையில் எப்போது வரும்? அழைப்பு முறையை ஆதரிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாசி வீதி கணக்கர்:
விருதுநகர் நண்பரின் கேள்விக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தார் முதல்நிதியை வைப்பார்கள், அதன் வட்டிதான் ஆண்டு வருமானம். வருமான வரி விலக்கு வேண்டுமானால் அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, ஓர் அறக்கட்டளை வேறோர் அறக்கட்டளைக்கு 100 ரூபாய் கொடுத்தால் 85 ரூபாய்தான் செலவாகக் கணக்கில் ஏறும். முழு வருமானத்தையும் பிறருக்கே கொடுத்தால் வரம்பைச் சரியாகத் தொடலாம். நூற்றில் பத்து ரூபாயைப் பிடித்துவைத்தால் வரம்பு தவறிவிடும். மற்ற அறக்கட்டளைக்கு முதல்நிதியாகக் கொடுக்கும் தொகை 2017-இலிருந்து செலவாகவே ஏற்கப்படுவதில்லை. ஆகவே கட்டடத்துக்கோ கருவிக்கோ ஒருமுறை கொடுத்துவிட்டு விலகுவதைவிட, சம்பளம், வாடகை, வண்டிக்கு டீசல் என்று நடப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் கொடுப்பதே இந்த மாதிரி அறக்கட்டளைக்குப் பொருந்தும். அதற்கு ஆளை நம்ப வேண்டும். நம்பிக்கை விண்ணப்பத்தால் வருவதில்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் மெக்கன்சி ஸ்காட் என்ற பெருங்கொடையாளர் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தார். யாரிடமும் விண்ணப்பம் வாங்காமல், தம் குழுவைக் கொண்டு விசாரித்து, இன்னதற்கென்று கட்டுப்படுத்தாத பெருந்தொகைகளை வழங்கினார்.

உசிலம்பட்டி ஆசிரியை:
அதே ஸ்காட் அம்மையார் 2023-இல் கதவைத் திறந்து பொது அழைப்பு விடுத்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024-இல் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் கொடுத்தார். அவ்வளவு ஆள்பலத்தோடு தேடியவருக்கே பொது அழைப்பு தேவைப்பட்டது.

நீங்கள் காட்டிய அந்த 990-பி.எஃப். படிவத்துக்கும் வருகிறேன். கட்டத்தைக் குறித்துவிட்டு அங்கே யாரும் தப்பிவிட முடியாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியலையும் அதே படிவத்தில் எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சொத்து மதிப்பில் சுமார் 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் வழங்கவும் வேண்டும். நம் ஊரில் தணிக்கை அறிக்கை வருமான வரித் துறைக்குப் போகிறது. உசிலம்பட்டியில் இருக்கிற என் கண்ணுக்கு வருவதில்லை. கட்டத்தை மட்டும் இறக்குமதி செய்து, பட்டியலைக் கப்பலிலேயே விட்டுவிட்டீர்கள்.

பழங்காநத்தம் முன்னாள் அலுவலர்:
அந்தக் கணக்கை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன், அம்மா. 6,353-இல் 361 போக, ஏறத்தாழ ஆறாயிரம் அமைப்புகள் எழுதிய உழைப்பு வீண். நம் பக்கத்து அமைப்புகளில் எழுதுகிறவரும் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

ஆனால் விருதுநகர் நண்பர் சொன்னது என்னை உறுத்துகிறது. பரிந்துரைக்கும் ஆட்களை மாற்றுவதுதான் அதற்கு வழி என்று நினைக்கிறேன். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர், அரசுப் பள்ளிகளுக்குச் சுற்றிவரும் சிறப்பாசிரியர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நெடுநாள் இருந்தவர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்: இவர்களுக்கு எந்தத் தெருவில் யார் உண்மையில் வேலை செய்கிறார் என்பது தெரியும். குடும்பத்தோடு உறவோ தொழில் தொடர்போ இல்லாதவர்களாகப் பார்த்து, பல சமூகங்களிலிருந்தும் பெண்கள் பாதியாகவும் எடுத்து, ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழைக்கும் உரிமை குடும்பத்திடமே இருக்கட்டும். பெயர் சொல்லும் உரிமை வெளியே இருக்கட்டும்.

விருதுநகர் வாசகன்:
பெயர் சொல்வது அவர்கள், தள்ளுவது குடும்பம் என்றால், சொன்ன பெயர்களில் எவை தள்ளப்பட்டன என்பதும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் காலனித் தெருப் பையன் ஒவ்வொரு முறையும் பரிந்துரைப் பட்டியலில் மட்டும் இருப்பான்.

மாசி வீதி கணக்கர்:
இன்று குடும்பத்தாரிடம் பேசினேன். வெளியாள் பரிந்துரைக்கு ஒப்புக்கொண்டார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடவும் இசைந்தார்கள். தள்ளிய பெயர்களை வெளியிடுவதற்கு உறுதியாக மறுத்துவிட்டார்கள். தள்ளப்பட்டவர் என்று ஊரில் பெயர் பரவினால் அந்த அமைப்புக்குத்தான் கெடுதல் என்கிறார்கள். இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

உசிலம்பட்டி ஆசிரியை:
பெயர் வேண்டாம், பரிந்துரைத்தவருக்காவது காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். அதோடு, இவ்வளவு பேசியும் நான்காம் ஆண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றாண்டு நிதியை நம்பி ஒரு சிறப்பாசிரியரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறோம், பிள்ளைகள் அவரிடம் பழகிவிடுகிறார்கள், அடுத்த ஏப்ரலில் அழைப்பு வேறொருவருக்குப் போய்விடுகிறது. நிறுத்துவதென்றால் ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், கடைசி ஆண்டில் பாதித் தொகையாவது தொடர வேண்டும் என்ற இரண்டு வரியைப் பத்திரத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், ஐயா.

மாசி வீதி கணக்கர்:
முதல் வரியைச் சேர்க்கலாம், அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, வட்டி வருமானம் குறையும் ஆண்டில் அறக்கட்டளையின் கையைக் கட்டிவிடும். பத்திரத்தில் எழுதாமல், ஒவ்வோர் அமைப்போடும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் எழுதும்படி சொல்லிப் பார்க்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வரைவை இங்கேயே பதிவிடுகிறேன்.