ஒரு லிட்டர் கூடுதலாக வந்த நாள்

சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் முதலாண்டு படித்தபோது நடந்தது இது. அன்று ஹைட்ரஜனின் மோலார் பருமனை, அதாவது ஒரு மோல் (குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மூலக்கூறுகள்) வாயு அடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. விடை 22.4 லிட்டர் என்பது பள்ளியிலேயே மனப்பாடம்.

மக்னீசியம் நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து எடை போட்டேன்: 0.036 கிராம். அதைத் தாமிரக் கம்பிக் கூட்டுக்குள் வைத்தேன். கூடு இல்லாவிட்டால், கரைந்து மெலிந்த துண்டு நழுவி மேலே மிதந்துவிடும். ஒரு முனை மூடிய அளவுக்குழாயில் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன்மேல் விளிம்பு வரை தண்ணீர். கூட்டை வாயருகே செருகி, குழாயைப் பீக்கர் நீரில் கவிழ்த்தேன். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. சர்க்கரைப் பாகு கரைவதுபோல் நெளிநெளியாக இறங்கியது. அது நாடாவைத் தொட்டதும் நுண்குமிழிகள் சரம்சரமாக மேலேறின. இன்றும் எனக்கு அலுக்காத காட்சி அது.

குமிழிகள் நின்றதும் குழாயை உயரமான ஜாடிக்கு மாற்றி, உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை தாழ்த்திப் படித்தேன். 38.5 மில்லிலிட்டர். காற்றழுத்தம் காட்டும் பாரமானியில் 760 மில்லிமீட்டர், நீரின் வெப்பநிலை 30 டிகிரி. திட்ட வெப்ப அழுத்த நிலைக்கு (0 டிகிரி, 760 மில்லிமீட்டர்) மாற்றிக் கணக்கிட்டால் ஒரு மோலுக்கு 23.4 லிட்டர்!

மூன்று முறை கூட்டிக் கழித்தும் அதே விடை. பக்கத்து மேசைத் தோழி, "38.5க்குப் பதில் 36.9 என்று எழுதிவிடு, சரியாக வந்துவிடும்" என்றாள். எழுதத் தயாராகிவிட்டேன். அப்போதுதான் பேராசிரியை வந்து குழாயைக் கையில் எடுத்தார்.

"இதற்குள் என்ன இருக்கிறதம்மா?"

"ஹைட்ரஜன், மேடம்."

"தண்ணீருக்கு மேல் பிடித்த வாயுவில் ஈரம் இருக்காதா?"

சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தேன். 30 டிகிரியில் நீராவி அழுத்தம் 31.8 மில்லிமீட்டர். 760இல் அதைக் கழித்தால்தான் ஹைட்ரஜனின் உண்மையான அழுத்தம்: 728.2. மறுபடி கணக்கிட்டேன். 22.4!

எடையிலும் பிழை இல்லை, கண்ணிலும் பிழை இல்லை. கூடுதலாக வந்த அந்த ஒரு லிட்டர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். தோழி சொன்ன எண்ணை எழுதியிருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ரெக்கார்டு நோட்டில் பழைய விடையை அடிக்கப் போனேன். "அது இருக்கட்டும். கீழே காரணத்தை எழுது" என்று சொல்லி, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கையெழுத்திட்டார்.