கண்ணுக்குள்ளே அழற்சி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. எப்படி வேலைக்குப் போகிறீர்கள்?

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட்:
வயது 43. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். வலது கண்ணில் யூவியைடிஸ் என்கிற உள் அழற்சி, மூன்று வருடத்தில் இது ஐந்தாவது முறை. முதல் தடவை ஒரு கிளினிக்கில் சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வீண். ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இப்போது மணிக்கு ஒரு ஸ்டீராய்டு சொட்டு. கையெல்லாம் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும். போத்தல் தண்ணீரில் கை கழுவி, முள் இல்லாத இடமாகப் பார்த்துக் குந்தி, அண்ணாந்து மருந்து விடுவதற்குள் தண்டல் (மேற்பார்வையாளர்) மூன்று முறை கூப்பிட்டுவிடுவார். கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு வேறு. அதை விட்டால் வெயில் ஊசியாகக் குத்துகிறது, போன் எழுத்து தெரிவதில்லை, மகன்தான் வாசித்துச் சொல்கிறான்.

சிவப்பு போய்விட்டால் இன்னும் தொல்லை. "கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்கிறார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தினமும் எழுந்ததும் முதல் வேலை, கண் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பதுதான். இதே மாதிரி யாராவது இருக்கிறீர்களா?

பழைய லாரிக்காரன்:
தங்கச்சி, எனக்கு 11 வருடமாக இருக்கிறது. சிவப்பு போனதும் சொட்டை நானாகவே நிறுத்தினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. கண்பாப்பா உள்ளே லென்சோடு ஒட்டிக்கொண்டு, இன்றைக்கும் வட்டமாக இல்லை. டாக்டர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும். வெள்ளையாகக் கலங்கிய மருந்தென்றால் நன்றாகக் குலுக்கு, அடியில் தங்கிவிடும். கண் பிரஷரையும் பார்க்கச் சொல். ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும், வலியே தெரியாது. எனக்குப் புரை வந்து ஆபரேஷனும் ஆகிவிட்டது. லாரியை விட்டுவிட்டு ஸ்டோரில் உர மூட்டை எண்ணுகிறேன்.

அது சரி, காலையில் முதுகு விறைக்கிறதா?

செம்பனைக்காரி:
ஆமாம் அண்ணே. நடந்தால் சரியாகிவிடும். குனிந்து பொறுக்குவதால் என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற தாதி:
அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள் அம்மா. முதுகெலும்பு வாதமும் இந்தக் கண் நோயும் சிலருக்குச் சேர்ந்தே வரும். எச்எல்ஏ-பி27 என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அப்புறம், இந்தப் பயமும் கூச்சமும் நோய்க்கு வெளியே இல்லை. பார்வைக் குறைவால் வாழ்க்கை எப்படி மாறியது என்று அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே உண்டு. வலி, கவலை, அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது எல்லாம் அதில் வரும். பலகையில் எத்தனை வரி வாசித்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நிழலில் வேலை கொடுக்கும்படி கடிதமும் கேளுங்கள். வாய்வார்த்தையைத் தண்டல் நம்ப மாட்டார், தாளை நம்புவார்.

செம்பனைக்காரி:
புதன்கிழமை ஈப்போ போகிறேன். நிபுணருக்கு 5 வெள்ளிதான் (ரிங்கிட்), டாக்சிக்குத்தான் 60. கருப்புக் கண்ணாடி பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கினால் போதுமா?

பழைய லாரிக்காரன்:
இருட்டாக இருந்தால் மட்டும் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் கேட்டு, பக்கவாட்டையும் மூடுகிற மாதிரி வாங்கு. நான் அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கிராணி (குமாஸ்தா) முதல் நாள் என்னைக் குண்டர் கும்பல் என்று நினைத்து, ஒரு மூட்டை குறைந்ததைக்கூடக் கேட்காமல் போய்விட்டான்.