புதிய வட்டு பொருத்தியதும் வலை இடைமுகத்தின் பெயர் மாறிவிட்டது: நிலையான முகவரியைக் காப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். உபுண்டு சர்வர் நிறுவிய கணினி ஒன்றைத் திரை இணைக்காமல் கோப்புச் சேமிப்புக்குப் பயன்படுத்துகிறேன். அதன் நிலையான முகவரி 192.168.1.50/24 என்று நெட்பிளான் (உபுண்டுவின் வலையமைப்புக் கருவி) கோப்பில் எழுதியிருந்தேன். கூடுதலாக ஓர் என்விஎம்இ வகை அதிவேக வட்டைப் பொருத்தியபின் ‘ஈஎன்பி3எஸ்0’ என்றிருந்த வலை இடைமுகம் (வலையட்டை) ‘ஈஎன்பி4எஸ்0’ ஆகிவிட்டதால், பழைய பெயரில் எழுதியிருந்த முகவரி பயனற்றுப்போய், கணினியை வலைவழி அணுக முடியவில்லை. கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு) ‘நெட்.இஃப்நேம்ஸ்=0’ என்று கொடுத்துப் பழைய ‘ஈத்0’ முறைக்கே திரும்பிவிடலாமா?

பதில் 1:
திரும்ப வேண்டாம். பழைய முறையில் கர்னல் எந்த அட்டையை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்கே ஈத்0 என்ற பெயர் கிடைக்கும். இரண்டு அட்டைகள் இருந்தால் கணினியைத் தொடங்கும்போது வரிசை மாறிவிடக்கூடும் என்பதால்தான் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தனது 197ஆம் பதிப்பில், 2013இல், இப்போதைய பெயர்முறையைக் கொண்டுவந்தது. இதில் ‘பி3’ என்பது பிசிஐ (தாய்ப்பலகையில் சாதனங்களை இணைக்கும் தடம்) பஸ் எண், ‘எஸ்0’ என்பது ஸ்லாட் எண். என்விஎம்இ வட்டும் பிசிஐ சாதனமே ஆகையால், அது ஒரு பஸ் எண்ணை எடுத்துக்கொள்ள, உங்கள் வலையட்டை அடுத்த எண்ணுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

ஆகவே இடைமுகத்தை அது செருகியிருக்கும் இடத்தைக் கொண்டு அல்லாமல், அட்டைக்கே உரிய வன்பொருள் எண்ணான மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காட்டுங்கள். நெட்பிளான் கோப்பின் ‘ஈதர்நெட்ஸ்’ பகுதியில் ‘லான்0’ என்று ஒரு தலைப்பிட்டு, அதனுள் ‘மேட்ச்’ என்பதன்கீழ் மேக் முகவரியையும், ‘மேட்ச்’ இருக்கும் அதே உள்தள்ளலில் ‘செட்-நேம்: லான்0’ என்ற வரியையும் எழுதி, பழைய தலைப்பின் கீழிருந்த முகவரி, நுழைவாயில், டிஎன்எஸ் வரிகளை இங்கே கொண்டுவாருங்கள். உள்தள்ளலுக்கு இடைவெளி விசையைத்தான் பயன்படுத்த வேண்டும். டேப் இருந்தால் கோப்பு ஏற்கப்படாது. புதிய பெயராக ஈத்0 என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கர்னல் தானாகச் சூட்டும் பெயரோடு அது மோதும்.

பதில் 2:
நெட்பிளான் இல்லாத டெபியனில் இதையே ‘10-லான்0.லிங்க்’ என்ற சிஸ்டம்டி கோப்பாக எழுதலாம். பொருந்தும் முதல் கோப்பு மட்டுமே கணக்கில் கொள்ளப்படுவதால், 99இல் தொடங்கும் இயல்புநிலைக் கோப்புக்கு முன் வரும் எண் அவசியம். பிரிட்ஜும் விலானும் (மென்பொருளால் உருவாக்கப்படும் இடைமுகங்கள்) அட்டையின் மேக் முகவரியையே ஏற்றுக்கொள்ளக்கூடும் என்பதால், அட்டையின் நிரந்தர மேக் முகவரியை ஒப்பிடும் வரியை எழுதுவதே பாதுகாப்பானது. பிறகு, கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் புதுப்பியுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, கோப்பு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தொலைவிலிருந்து செய்யும்போது மீண்டும் இணைப்பு அறுந்துவிட்டால்?

பதில் 1:
இம்முறை திரையும் விசைப்பலகையும் இணைத்தே செய்து, மறுதொடக்கத்துக்குப்பின் பெயர் நிலைக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் முகவரியை மட்டும் மாற்றும்போது ‘நெட்பிளான் ட்ரை’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். 120 விநாடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும். உங்கள் ரவுட்டர் பிற சாதனங்களுக்கு டிஎச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) வழியாக வழங்கும் எண்வரம்புக்குள் 50 வருகிறதா என்றும் சரிபாருங்கள். வருமானால், அதே முகவரி வேறொரு சாதனத்துக்கும் போய்ச்சேர வாய்ப்புண்டு.