அட்வான்ஸ் கொடுத்தவர் போனே எடுப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி:
ஸ்ரீரங்கத்தில் அப்பா கட்டிய வீடு. கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கினோம். கெடு முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. வேறொருவர் கேட்கிறார், ஆனால் வில்லங்கச் சான்றில் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததும் தயங்குகிறார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும்.

பதில் 1:
சார், நான் பத்திர எழுத்தர். கெடு முடிந்தால் போதும் என்று வேறு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 வருஷம் வரை அட்வான்ஸ் கொடுத்தவர் வழக்குப் போடலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ், பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரி சான்றுடன். "இந்தத் தேதியில் மீதிப் பணத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் தயார்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வாங்க மறுத்துத் தபால் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். கோர்ட்டில் அதுதான் பேசும்.

பதில் 2:
எங்களுக்கும் இதே கதைதான். எங்களிடம் வாங்க வந்தவருக்கு பேங்க் லோன் கிடைக்கவில்லை, சொல்லக் கூச்சம். புரோக்கர் நேரில் போனதும் பேச்சு வந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம், இருவரும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் பதிந்தோம். பிடித்தம் செய்ய ஆசை இருந்தாலும், வீடு சீக்கிரம் கைக்கு வருவதுதான் பெரிது அண்ணா.

கேட்டவர்:
நன்றி. புரோக்கரை இன்றே அனுப்புகிறேன், நோட்டீஸும் தயாராகட்டும்.