தோல் ஷூவில் வரைந்த கோட்டை மூன்றே நாளில் வெடித்துவிட்டது, என்ன தப்பு செய்தேன்?

சத்துவாச்சாரி சித்தி:
அக்கா பையனுக்குப் பிறந்தநாள் ஜூலை 10. 1806இல் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த அதே தேதி. அதைச் சொல்லிச் சொல்லியே கோட்டை என்னவோ தன் சொத்து மாதிரிப் பேசுவான். சரி, ஷூவிலேயே வரைந்து கொடுத்துவிடலாம் என்று ஆம்பூரில் வெள்ளைத் தோல் ஷூ ஒன்று வாங்கி, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற அக்ரிலிக் பெயின்ட் பாட்டிலை வைத்து மதில், கொத்தளம், அகழி எல்லாம் வரைந்தேன். அடியில் இருக்கும் வெள்ளை தெரியக் கூடாதென்று கொஞ்சம் கெட்டியாகவே பூசினேன். போட்டுப் பார்த்து மூன்று நாள்தான், விரலுக்குப் பின்னால் மடங்குகிற இடத்தில் மதில் சுவர் செதில் செதிலாக உதிருது. பக்கவாட்டில் இருக்கிற அகழி மட்டும் அப்படியே இருக்கு. அழித்துவிட்டு மறுபடி வரைய வழி உண்டா, இல்லை ஷூவே போச்சா?

பிரியாணி பக்தன்:
மேலே ஒரு கோட் வார்னிஷ் அடிங்க, நிக்கும்.

பாலாற்றங்கரை:
வார்னிஷ் அடித்தால் வெடிப்பு பளபளவென்று தெரியும், அவ்வளவுதான். தோல் பதனிடுகிற டேனரியில் ஃபினிஷிங் பக்கம் பல வருஷம் நின்றவன் என்பதால் சொல்றேன், தங்கச்சி. கடையில் விற்கிற ஷூ தோல் மேல் ஏற்கெனவே ஒரு டாப் கோட், அதாவது மேல்பூச்சு, உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் இருக்கத்தான் அது. உங்கள் பெயின்டும் அதனால்தான் தோலைப் பிடிக்காமல் அது மேலேயே மிதந்திருக்கு. போதாததற்கு அந்தப் பாட்டில் பெயின்ட் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், தோல் மடங்கும்போது கூட மடங்காது. தோலுக்கென்றே விற்கிற பெயின்டும் அக்ரிலிக்தான், ஆனால் அதில் நிறத்தைப் பிடித்து வைக்கிற பைண்டர் மெத்தென்று இழுபடும், ரெண்டுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

முதலில் அது நிஜத் தோலா என்று பாருங்கள். ஷூ நாக்கின் ஓரத்தில் வெட்டுவாய் தெரிந்தால் உற்றுப் பாருங்கள், நார் நாராக இருந்தால் தோல், துணி மேல் பிளாஸ்டிக் படலம் மாதிரி இருந்தால் ரெக்சின் ரகம். டாப் கோட்டை எடுக்க அசிட்டோன் என்கிற கரைப்பான் வேண்டும், ஆனால் ரெக்சினில் அது பட்டால் பிசுபிசுத்துப் போய்விடும், தொடவே தொடாதீர்கள். தோல்தான் என்றால் பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்து, நாக்குக்கு அடியில் தெரியாத இடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். பழைய பெயின்டும் அதிலேயே கரைந்து வந்துவிடும். பளபளப்பு போய் மங்கினதும் நிறுத்திவிடணும். நகச்சாயம் அழிக்கிற பாட்டில் வேண்டாம், பல ரகத்தில் எண்ணெய் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

காட்பாடி தூரிகை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் டிசைனையும் கொஞ்சம் மாற்றுங்கள் அக்கா. நான் காலேஜ் பசங்களுக்கு ஆர்டர் எடுத்து வரைகிறேன், மடிப்பு விழுகிற இடத்தில் நேர்க்கோடே போடமாட்டேன். எவ்வளவு நல்ல பெயின்டாக இருந்தாலும் அங்கே சுருக்கம் விழத்தான் செய்யும், நேர்க்கோட்டில் அது உடனே கண்ணில் படும். அகழித் தண்ணீரை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், சுருக்கம் விழுந்தாலும் அலை மாதிரி இருக்கும். மதிலைக் குதிகால் பக்கம் தள்ளுங்கள், அங்கே தோல் மடங்காது.

கார்பன் தாள் வைத்துப் பதிக்காதீர்கள், வெள்ளை மேல் நீலம் ஈஷிக்கொண்டு வந்து என் முதல் ஜோடியே வீணானது. லேசான பென்சில் போதும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஷூவை உப்ப வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறமும் பால் மாதிரி மெல்லிசாக நாலைந்து தடவை, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கல் சுவருக்கு நேராகச் சாம்பல் பூசாமல் அடியில் கொஞ்சம் காவி விட்டுப் பாருங்கள், சாயங்கால வெயில் பட்ட கோட்டை மாதிரியே வரும். கடைசியில் தோலுக்கான மேட் ஃபினிஷர், அதாவது பளபளக்காத மேல்பூச்சு, ஒரு கோட். முக்கியமாக மொட்டை மாடியில் காய வைக்க வேண்டாம், நம்ம ஊர் வெயிலில் சோல் பசை இளகிவிடும். ஃபேன் காற்றே போதும்.

பிரியாணி பக்தன்:
வார்னிஷை வாபஸ் வாங்கிக்கிறேன்.

சத்துவாச்சாரி சித்தி:
ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. வெட்டுவாய் பார்த்தேன், நார்தான், தோலேதான். இடது கால் ஷூவை மட்டும் அழித்தேன், பஞ்சு பஞ்சாகச் சாம்பல் நிறம் வந்தது, மனசு கேட்கவில்லை. பெயின்டுக்குச் சொல்லியாச்சு. இப்போ பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குதிகாலில் 1806 என்று எழுது சித்தி என்கிறான். தையல் ஓடுகிற இடம், அதன் மேல் எழுதினால் எண் நேராக வருமா?

காட்பாடி தூரிகை:
தையலுக்கு இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 06. நூலை விட்டுவிடுங்கள்.