வேங்கி மண உறவுகள்: சோழர் திட்டமிட்டுப் பெண் கொடுத்தார்களா?

கேள்வி:
முதலாம் இராஜராஜன் தம் மகள் குந்தவையை, கீழைச் சாளுக்கியர் ஆண்ட ஆந்திரக் கடற்கரை நாடான வேங்கியின் விமலாதித்தனுக்குக் கொடுத்தார். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரனுக்கு முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியும், அந்த மணத்தில் பிறந்தவருக்கு இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியும் மனைவியாயினர். மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்த சோழ அரியணையிலேயே 1070 இல் அந்த மகள் வயிற்றுப் பேரன், முதலாம் குலோத்துங்கன் என்ற பெயரில் அமர்ந்தார். இந்த முடிவை எதிர்பார்த்தே சோழர்கள் உறவு பூண்டார்களா?

மறுமொழி 1:
இல்லை என்பதே என் கருத்து. அவர்களுக்கு வேண்டியிருந்தது, மேற்கே கல்யாணியிலிருந்து ஆண்ட சோழர் பகைவரான கல்யாணிச் சாளுக்கியரின் கைக்குப் போகாத ஒரு வேங்கி. தெலுங்குச் சோடனான ஜடாசோட பீமன் வேங்கி மன்னர் தானார்ணவனைக் கொன்று வேங்கியைப் பிடித்துக்கொள்ள, தானார்ணவனின் மக்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழரிடம் அடைக்கலம் புகுந்தனர். இராஜராஜன் படை அனுப்பி மூத்தவரை அரியணை ஏற்றியதும் இளையவருக்குப் பெண் கொடுத்ததும் ஒரே கணக்கின் இரு வரிகள்தான்.

ஆனால் அந்தக் கணக்கு எளிதில் நேராகவில்லை. விமலாதித்தனின் இன்னொரு மனைவியின் மகனான விஜயாதித்தனைக் கல்யாணி ஆதரித்ததால், இராஜேந்திரனின் படை துணை நின்ற பிறகே, 1022 இல், நரேந்திரன் முடிசூட முடிந்தது. பெண்ணைக் கொடுத்தால் மட்டும் போதவில்லை, பின்னாலேயே படையையும் அனுப்ப வேண்டியிருந்தது. இதைவிட வியப்பானது 1060களில் நடந்தது: விஜயவாடாப் பக்கம் வென்ற சோழ மன்னர் வீரராஜேந்திரன், வேங்கியைத் தம் குடும்பத்துப் பேரனுக்குத் தராமல், அடிபணிந்து வந்த அதே விஜயாதித்தனுக்கே தந்தார். குலோத்துங்கனைச் சோழ அரியணைக்கென்று வளர்த்திருந்தால், தந்தையின் நாட்டைக்கூட அவருக்கு மறுத்திருப்பார்களா?

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அதே வீரராஜேந்திரன் கல்யாணியிலும் ஒரு மருமகனைத் தேடிக்கொண்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடல்சங்கமத்தில் தாம் எதிர்த்துப் போரிட்ட முதலாம் சோமேசுவரனின் இளைய மகன் விக்கிரமாதித்தனுக்கு அவர் பெண் கொடுத்தது, அவருக்கும் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த விரிசலை அகலமாக்கவே. வீரராஜேந்திரன் மறைந்ததும் இந்த மருமகன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து மைத்துனர் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றதாக அவருடைய அவைப்புலவர் பில்கணர் பாடுகிறார். அவைப்புலவரின் சொல் என்பதால் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அதிராஜேந்திரன் விரைவிலேயே இறந்துபோக, அரியணை குலோத்துங்கனுக்குப் போயிற்று.

முறை சொல்லிப் பார்த்தால், வீரராஜேந்திரனும் இரண்டாம் இராஜேந்திரனும் உடன்பிறந்தவர்கள் ஆகையால் அவர்களுடைய மகள்களை மணந்த விக்கிரமாதித்தனும் குலோத்துங்கனும் சகலைகள். ஆனால் குலோத்துங்கன் கைகோத்தது சகலையோடு அன்று, சகலையின் அண்ணனும் பகைவனுமான இரண்டாம் சோமேசுவரனோடு. அந்தக் கூட்டையும் முறியடித்து 1076 இல் விக்கிரமாதித்தன் கல்யாணி அரியணையைக் கைப்பற்றினார்.

மறுமொழி 3:
இதற்கு முந்திய சான்றும் ஒன்று உண்டு. சோழ மன்னர் முதலாம் ஆதித்தன், தக்காணத்தை ஆண்ட இராட்டிரகூட மரபின் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் இளங்கோன் பிச்சியை மணந்திருந்தார். ஆயினும் 907 இல் பட்டம் அவள் மகன் கன்னரதேவனுக்கு வராமல் ஆதித்தனின் இன்னொரு மகன் பராந்தகனுக்குப் போயிற்று. பேரனுக்காகவே கிருஷ்ணன் படையெடுத்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. திருவல்லத்தில் கங்க மன்னன் பிருதிவிபதியின் துணையோடு பராந்தகன் வென்றார். வேங்கியிலும் இதேதான் நடந்தது. மணம் செய்துகொடுத்தவர் கேட்டது நட்பு, அதில் பிறந்த பிள்ளை கேட்டது பங்கு. பராந்தகன் காலத்தில் சோழர் குடியில் ஆண் வாரிசுக்குக் குறையில்லை, ஆகவே பங்கு கேட்டவரைத் தடுக்க முடிந்தது. அதிராஜேந்திரனுக்குப் பின் தடுத்து நிறுத்த வலுவான ஆள் எவரும் இல்லை. கலிங்கத்தின் அனந்தவர்மன் சோடகங்கனும் சோழ இளவரசி இராஜசுந்தரியின் மகன்தான். கருணாகரத் தொண்டைமான் தலைமையில் குலோத்துங்கன் கலிங்கத்தின்மேல் படை அனுப்பியபோது அந்த உறவு குறுக்கே நிற்கவில்லை.